ஊரப்பாக்கத்துக்காரரின் பொட்டாசியம்

1. மாடிக்குக் கூப்பிட்டார்கள்

"தேவகி, கையில இருக்கிறத முடிச்சிட்டு மேல போ. மேடம் ரூமுக்கு. முரளி சாரும் அங்கதான் இருக்கார்."

ரிசப்ஷன் பெண் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அப்போது குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்த ரத்தப் பரிசோதனை லேபில் சாம்பிள் எடுக்கும் வேலையில் இருந்தேன். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கீழ்த்தளத்தில் இரண்டு நாற்காலிகள். முதல் நாற்காலியில் நித்யா, இரண்டாவதில் நான். டோக்கன்படி ஆட்கள் வருவார்கள், கையை நீட்டுவார்கள், எடுத்து ட்யூபில் நிரப்பி ட்ரேயில் வைப்போம். மெஷின்களும் டாக்டர் ரூமும் மாடியில்.

படி ஏறும்போது ஒருவர் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் எங்கள் லேபின் கவர். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து நின்றார்.

"எங்கப்பாவுக்கு நீங்கதான் ரத்தம் எடுத்தீங்களா?"

யார் உங்கள் அப்பா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் பேசாமல் நின்றதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார் என்பது மாடி ஏறி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

2. மேடம் ரூமில்

லேபின் தலைமை டாக்டர் பத்மா மேடம். கோபமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி டப்பாதான் வாங்குவார், துப்புரவு செய்யும் அம்மாவுக்கும் அதேதான். அன்றைக்கும் அவர் குரல் தன்மையாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்குப் பயம் அதிகமாயிற்று.

"உக்காரு தேவகி. சனிக்கிழமை காலையில ஊரப்பாக்கத்துலேர்ந்து வரதராஜன்னு ஒருத்தர் வந்தார். மாஸ்டர் செக்கப். ஞாபகம் இருக்கா?"

சனிக்கிழமை என்பது எங்களுக்குத் திருவிழா மாதிரி. வெறும் வயிற்றில் வந்தவர்கள் வாசல் வரைக்கும் நிற்பார்கள். யாரையென்று ஞாபகம் வைப்பது?

"சரியா தெரியல மேடம்."

நடந்ததை முரளி சார் சொன்னார். அவர் எங்கள் மேனேஜர். வரதராஜனின் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இதயம் நின்றுபோகிற அளவு. எங்கள் லேபிலிருந்தே போன் பண்ணி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். பையன் அலறியடித்துக்கொண்டு அப்பாவை எமர்ஜென்சிக்குத் தூக்கிப் போயிருக்கிறான். அங்கே இ.சி.ஜி. நன்றாக இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் நார்மல். அந்த மனிதருக்கு ஒரு வியாதியும் கிடையாது.

"அவர் பையன் ரொம்ப டீசன்ட். வேற யாராவதா இருந்தா இந்நேரம் வீடியோ எடுத்துப் போட்டிருப்பாங்க," என்றார் முரளி சார். "ஊசி சரியா போடலன்னா ரத்த அணு உடைஞ்சு பொட்டாசியம் ஏறும். படிச்சிருக்கல்ல?"

"படிச்சிருக்கேன் சார்."

"அப்ப?"

மேடம் குறுக்கே வந்தார். "ஒண்ணு, நீ சரியா எடுக்காம இருந்திருக்கணும். இல்லன்னா ட்யூப் மாறியிருக்கணும். ரெண்டுல எதுன்னு யோசிச்சுச் சொல்லு. பயப்படாத."

அந்தக் காலத்தில் எந்த சாம்பிளை யார் எடுத்தது என்று எங்கள் லேபில் பதிவது கிடையாது. இரண்டு பேரில் யாராகவும் இருக்கலாம். ஆனால் அந்த அறையில் அது ஒரு கேள்வியாகவே இல்லை. நான் எடுத்தேனா என்று யாரும் கேட்கவில்லை. எப்படித் தப்பாக எடுத்தேன் என்றுதான் கேட்டார்கள்.

"நீ எங்கேருந்து வர்ற?" முரளி சார் திடீரென்று கேட்டார்.

"மேடவாக்கம் சார்."

"மேடவாக்கத்துல எங்க?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். மேடவாக்கம் என்று சொல்வது முழுப் பொய் இல்லை. அங்கே இறங்கித்தான் அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். அதையும் தாண்டி, ஊருக்கு வெளியே குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்த அடுக்கு மாடிகளில் எங்கள் வீடு. கூவம் கரையிலிருந்து எங்களைக் கிளப்பிக்கொண்டு வந்து அங்கே விட்டபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தின் பேரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஏதோ ஒன்று இறுகும். ஒரு செகண்ட்தான். பிறகு சிரிப்பார்கள். அந்த ஒரு செகண்டைத் தவிர்க்கத்தான் மேடவாக்கம் என்று சொல்லிப் பழகியிருந்தேன்.

"தாண்டி சார். போர்டு வீடு."

மேடமும் முரளி சாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் கஷ்டப்படுவது தெரிந்தது.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றதுன்னா எத்தனை மணிக்கு எந்திரிக்கணும், பாவம்," என்றார் மேடம். "தூக்கம் பத்தாது. கவனம் சிதறத்தான் செய்யும்."

அவர் என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் அந்த இரக்கத்துக்குள்ளேயே தீர்ப்பும் முடிந்துவிட்டது. நித்யா ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவள். அவளும் விடியற்காலையில் எழுந்தால்தான் வந்து சேர முடியும்.

வேலையிடத்தில் பேசுவதற்கென்று நான் ஒரு தமிழ் வைத்திருந்தேன், பள்ளிக்கூட டீச்சர்கள் பேசுகிற மாதிரி. பதற்றத்தில் அது எங்கேயோ போய்விட்டது.

"நான் இன்னா சார் பண்ணேன்? கூட்டமா வந்துகினே இருந்தாங்க. நான் பாட்டுக்கு எடுத்துக்கினு இருந்தேன்."

முரளி சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொஞ்சம் மரியாதையா பேசும்மா."

நான் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி பேசிவிட்டேன், அவ்வளவுதான். மன்னிப்பு கேட்டேன். பிறகு மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"மேடம், ட்யூப் மாறியிருந்துச்சுன்னா, அப்ப அந்த ரத்தம் யாருது?"

"பேச்ச மாத்தாத தேவகி. கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லு."

முடிவு தெரியும் வரை நான் சாம்பிள் எடுக்க வேண்டாம் என்றும் கீழே பேன்ட்ரியில் உட்காரும்படியும் சொன்னார்கள்.

3. பேன்ட்ரியில்

டீ பாய்லரும் இரண்டு ஸ்டூலும் போட்ட சின்ன அறை அது. கதவு இடுக்கு வழியாகக் காத்திருப்போர் வரிசை தெரியும். என் நாற்காலி காலியாக இருந்ததால் வரிசை நகரவே இல்லை. யாரோ சத்தம் போட்டார்கள். நித்யா ஒருத்தியே எல்லோருக்கும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பிளாக்கில் லேப் டெக்னீஷியன் படித்து ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான். என் கோட்டை அம்மா மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்க மாட்டாள், தனி பக்கெட். கீழ் வீட்டுப் பெண் ஒருத்தி அதே படிப்பை முடிக்கப் போகிறாள், என் லேபில் சொல்லி வைக்கச் சொல்லியிருந்தாள். நான் கெட்ட பேரோடு வெளியே போனால் அந்த இடத்திலிருந்து இன்னொரு பெண்ணை இவர்கள் எடுக்கவே மாட்டார்கள். இதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. வேறு யாராவது தப்பு செய்தால் அது அவர்களோடு போகும். நான் செய்தால் எங்கள் மொத்த இடத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவார்கள்.

உட்கார்ந்து உட்கார்ந்து சனிக்கிழமையை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஊரப்பாக்கம், வரதராஜன், வயதானவர். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மெல்ல ஒரு முகம் வந்தது. வழுக்கைத் தலை, நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சட்டை. அவர் கையில் நான் இரண்டு தடவை குத்தியது மாதிரி, அவர் முகம் சுளித்தது மாதிரி, எல்லாம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. ஆமாம், நான்தான் செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். மேலே போய் ஒத்துக்கொண்டால் இந்த அவஸ்தையாவது முடியும் என்றும் தோன்றியது.

பிற்பாடு அந்த வரதராஜனை நேரில் பார்த்தேன். தலை நிறைய முடி. நெற்றியில் ஒன்றும் கிடையாது. என் வாழ்க்கையில் அவரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒருவரின் முகத்தை என் மனமே எனக்கு எதிராகத் தயார் செய்திருந்தது. பிறர் நம்மைச் சந்தேகப்படும்போது நாமும் அவர்கள் பக்கம் போய் நின்றுகொள்கிறோம் என்பதை அவரைப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

நடுவில் நித்யா தண்ணீர் குடிக்க வந்தாள். பாட்டிலை எடுத்தாள், குடித்தாள், என்னைப் பார்க்காமல் போனாள். கதவருகில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. ஏதோ சொல்ல வந்து விழுங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. என்னோடு பேசினால் அவளுக்கும் பிரச்சினை வரும் என்று போகிறாள் என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது.

4. ஸ்டீபன் சார் கேட்டது

மதியம் ஆகும் நேரத்தில் ஸ்டீபன் சார் டீ குடிக்க வந்தார். மாடியில் பயோகெமிஸ்ட்ரி மெஷின் அவர் பொறுப்பு. காலையிலிருந்து மெஷின் சர்வீஸ்காரரோடு உள்ளேயே இருந்ததால் அவருக்கு எதுவும் தெரியாது.

"சாம்பிள் எடுக்காம இங்க என்னம்மா பண்ற?"

சொன்னேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ரத்தம் உடைஞ்சதால பொட்டாசியம் ஏறிச்சுன்னா சொல்றாங்க? அந்த சாம்பிள் எனக்கு ஞாபகம் இருக்கு. நான்தானே போன் பண்ணச் சொன்னேன். அதுல கிரியாட்டினினும் ஏறியிருந்துச்சே. ஊசி தப்பா குத்தினா கிரியாட்டினின் ஏறாது. அது கிட்னி கெட்டுப்போன ஒருத்தரோட ரத்தம்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப, அது யாரோடது?"

"அதத்தான் சார் நானும் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பேச்ச மாத்தாதன்னாங்க."

டீயை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். யாரும் தடுக்கவில்லை.

நான் கேட்ட அதே கேள்வியை ஸ்டீபன் சார் கேட்டார். வார்த்தைகூட மாறவில்லை. மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன். வரதராஜனுக்கு ஒரு வியாதியும் இல்லை என்றால், நிஜமாகவே பொட்டாசியம் ஏறிய ஒருவர் வெளியே எங்கேயோ நடமாடிக்கொண்டிருக்கிறார், கையில் நார்மல் ரிப்போர்ட்டோடு. சனிக்கிழமையிலிருந்து. இதை அவர் காலையிலேயே யோசித்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. என்னை விசாரிப்பதில் மும்முரமாக இருந்துவிட்டார்.

வரதராஜன் வந்த அதே நேரத்தில் வந்தவர்களின் பழைய ரிசல்ட்களை ஸ்டீபன் சார் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்தார். அதிக நேரம் ஆகவில்லை. அஸ்தினாபுரத்தில் இருக்கும் ஹெலன் டீச்சர். ரிட்டையர் ஆனவர், மாதாமாதம் வருகிறவர், கிட்னிப் பிரச்சினைக்கு மருந்து சாப்பிடுகிறவர். முந்தைய ரிசல்ட் எல்லாம் ஏறி ஏறிக்கொண்டே வந்திருந்தது. சனிக்கிழமை மட்டும் ஆரோக்கியமான ஆள் மாதிரி எல்லாம் சரியாக இருந்தது.

"போன் போடுங்க," என்றார் மேடம்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மகன் பெங்களூரில், அவர் நம்பர் எங்களிடம் இல்லை. ஹெலன் டீச்சருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். மறுபடி டீச்சரின் நம்பர். மறுபடி அடித்து ஓய்ந்தது.

"நான் நேர்லயே போறேன்," என்றார் ஸ்டீபன் சார். "தேவகி, நீயும் வா. தனியா இருக்கிற அம்மா. ஒரு பெண் கூட இருந்தா நல்லது."

மேடம் என்னைப் பார்த்தார். "சீக்கிரம் போங்க," என்றார்.

5. அஸ்தினாபுரம்

ஸ்டீபன் சாரின் ஸ்கூட்டரில் போனோம். ரயில் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் போவதற்குள் உயிர் போய்விட்டது. பள்ளிக்கூட வேன்கள், தண்ணீர் லாரி, தோண்டிப் போட்ட ரோடு. ஸ்டீபன் சார் ஹாரன் அடிக்கவே மாட்டார், அன்றைக்கு விரலை எடுக்கவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஹெலன் டீச்சரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கையில் நரம்பு கிடைக்காது. ஒவ்வொரு மாதமும் என் நாற்காலிக்குத்தான் வருவேன் என்று சொல்லுவார். "உன் கை லேசு," என்பார். சனிக்கிழமையும் வந்தார். நான்தான் எடுத்தேன். ஸ்கூட்டரில் போகும்போதுதான் அது என் மண்டையில் இறங்கியது. அவருடைய ரத்தத்தை எடுத்தது நான். அது வேறொருவர் பேர் ஒட்டிய ட்யூபுக்குள் போயிருக்கிறது.

கேட் பூட்டவில்லை. குப்பைக் கூடை பக்கத்தில் வெட்டிய இளநீர்க் கூடுகள் கிடந்தன. ஸ்டீபன் சார் அதைப் பார்த்து "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னார். கிட்னி கெட்டவர்கள் இளநீர் தொடக் கூடாது. அது முழுக்கப் பொட்டாசியம்.

பெல் அடித்தோம். சத்தமில்லை. மறுபடி அடித்தோம். உள்ளே ஏதோ உராய்கிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்து ஹெலன் டீச்சர் கதவைத் திறந்தார்.

"நீயாம்மா? போன் உள்ள அடிச்சிட்டே இருந்துச்சு, எந்திரிக்க முடியல. நேத்திலேர்ந்து காலு ரெண்டும் துணி மாதிரி கிடக்கு. ரிப்போர்ட்தான் எல்லாம் நார்மல்னு வந்துருச்சே, வெயில்ல சுத்தினதுன்னு நெனச்சேன்."

"இளநீர் குடிச்சீங்களா டீச்சர்?"

"ஆமா. ரொம்ப நாள் ஆசை. நார்மல்னு பார்த்ததும் தைரியமா வாங்கிக் குடிச்சேன்."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஸ்டீபன் சார் ஆட்டோ பிடிக்க ஓடினார். ரிப்போர்ட் மாறிவிட்டது, உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும் என்று நான் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, பைபிளையும் கண்ணாடியையும் எடுத்துக்கறேன்" என்றார்.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரச் சொல்லியிருந்தார் ஸ்டீபன் சார். எனக்குத் தெரிய வேண்டியதைக் கேட்டேன்.

"டீச்சர், சனிக்கிழமை உங்க டோக்கன் கூப்பிட்டப்ப என்ன நடந்துச்சு?"

"நான் பாத்ரூம் போயிருந்தேன்மா. வந்து பார்த்தா எனக்கு அடுத்து இருந்தவர் உள்ள போயிட்டார். அப்புறம் உன் சேர் காலியாச்சு, உங்கிட்ட வந்தேன்."

எல்லாம் புரிந்துவிட்டது. சனிக்கிழமைக் கூட்டத்தைச் சமாளிக்க முரளி சார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். டோக்கன் வரிசைப்படி காலி ட்யூப்களில் முன்கூட்டியே பேர் ஸ்டிக்கரை ஒட்டி ட்ரேயில் அடுக்கி வைத்துவிடுவார்கள். நாங்கள் வரிசையாக எடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். டீச்சர் பாத்ரூம் போனதால் அடுத்து இருந்த வரதராஜன் முந்திப் போனார். அவருக்கு டீச்சர் பேர் ஒட்டிய ட்யூப் போயிற்று. பின்னால் வந்த டீச்சருக்கு அவருடைய ட்யூபை நான் எடுத்தேன். பேர் கேட்டுச் சரிபார்க்க எங்கள் இரண்டு பேருக்குமே நேரம் இருக்கவில்லை. ட்யூப் மாறுவதற்கு இரண்டு கை வேண்டும். காலையில் மாடிக்குக் கூப்பிட்டது ஒரு கையை மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஊசி போட்டார்கள், டயாலிசிஸுக்குக் கொண்டு போனார்கள். வெளியே நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார முடியவில்லை. டியூட்டி டாக்டர் வெளியே வந்து, "இன்னைக்கே கொண்டு வந்தது நல்லது. இனிமே பயமில்ல," என்று சொன்ன பிறகுதான் போய் உட்கார்ந்தேன்.

6. நித்யா சொன்னது

நாங்கள் திரும்பி வந்தபோது நித்யா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"தேவகி, அந்த ஊரப்பாக்கம் சாருக்கு எடுத்தது நான். நானும் ஊரப்பாக்கம்னு அவர்கிட்ட பேசினேன். ஸ்டேஷன்ல சப்வே வேலை எப்ப முடியும்னு பேசிக்கிட்டே எடுத்தேன். காலையில உன்னைக் கூப்பிட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பயத்துல வாய் வரல. நீங்க கிளம்பிப் போனதும் மேல போய்ச் சொன்னேன்."

"மேடம் என்ன சொன்னாங்க?"

நித்யா சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள். "நம்பலப்பா. 'உனக்கு ஞாபகப் பிசகா இருக்கும்மா, நீ கேர்ஃபுல்லான பொண்ணு'ன்னாங்க. முரளி சார், 'ஃப்ரெண்டக் காப்பாத்தப் பார்க்காத'ன்னார். திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில அந்த சாருக்கே போன் போட்டாங்க. கண்ணாடி போட்ட பொண்ணு எடுத்துச்சுன்னு அவர் சொன்னப்புறம்தான் நம்பினாங்க."

எங்கள் இருவரில் கண்ணாடி போட்டவள் அவள்தான்.

நான் செய்யவில்லை என்றதை நம்பவில்லை. அவள் செய்தேன் என்றதையும் நம்பவில்லை. எனக்கு அன்றைக்கு அவள்மேல் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். காலையிலேயே சொல்லியிருந்தால் எனக்கு அந்த மூன்று நான்கு மணி நேர நரகம் இருந்திருக்காது. ஆனால் அவள் தானாகப் போய்ச் சொன்னாள். சொன்ன பிறகு தன்னை நம்பாததுதான் அவளை அதிகமாக உலுக்கியிருந்தது. "நான்தான் பண்ணேன்னு நீ சொல்லியிருந்தா உடனே நம்பியிருப்பாங்க இல்ல?" என்றாள்.

மறுநாள் காலை மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். முதலில் ஹெலன் டீச்சர் எப்படி இருக்கிறார் என்று சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தேவகி, நேத்து நீ கேட்டதும் ஸ்டீபன் கேட்டதும் ஒரே கேள்வி. நீ கேட்டப்ப எனக்கு அது சாக்கா கேட்டுச்சு. அவர் கேட்டப்ப கேள்வியா கேட்டுச்சு. நான் யாரையும் வித்தியாசமா பார்க்கிறவ இல்லன்னு இவ்வளவு நாளா நம்பிட்டிருந்தேன். நித்யாவைக் கூப்பிட்டு விசாரிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. வேணும்னு விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. தோணவே இல்லங்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு."

முரளி சார் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ட்யூபில் முன்கூட்டி ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தச் சொன்னபோது "வெயிட்டிங் டைம் ஏறும் மேடம்" என்றுதான் சொன்னார். என்னிடம் அவர் கடைசி வரை அளந்துதான் பேசினார். எல்லோரும் ஒரே நாளில் மாறிவிட மாட்டார்கள்.

ஆனால் வேலை செய்கிற முறை மாறியது. நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் பேர் கேட்டு, அவர் எதிரிலேயே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எடுத்தவர் யார் என்று அப்போதே பதிய வேண்டும். தப்பு நடந்தால் முதலில் நோயாளி எங்கே, எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அடுத்து என்ன நடந்தது என்று, ஆள் பேர் சொல்லாமல் பேச வேண்டும். அந்த சாம்பிளைத் தொட்டிருக்கக்கூடிய எல்லோரையும் கேட்க வேண்டும், ரிசப்ஷனிலிருந்து டாக்டர் வரைக்கும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஊசி போடுவதைப் பார்த்து மதிப்பெண் போட்ட பிறகுதான் விலாசத்தைக் கேட்க வேண்டும் என்பதும் மேடம் கொண்டு வந்ததுதான். எங்கள் கீழ் வீட்டுப் பெண் அப்படித்தான் உள்ளே வந்தாள்.

7. இப்போது சேர்கிற பிள்ளைகளுக்கு

இப்போது நான் தாம்பரத்தில் வேறொரு லேபில் குவாலிட்டி பொறுப்பில் இருக்கிறேன். தப்பு நடந்தால் விசாரிக்கிற நாற்காலி என்னுடையது. மாடிக்கு வரச் சொன்னால் பிள்ளைகள் பயந்துகொண்டே வருகிறார்கள். எனக்கும் பயம்தான். சரியாக விசாரிக்கிறேனா என்கிற பயம் ஒவ்வொரு தடவையும் இருக்கிறது. அது போகக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு சாம்பிள் காணாமல் போனது. செய்தி வந்த அந்த நிமிடமே, ஒன்றும் விசாரிப்பதற்கு முன்பே, என் மனதில் ஒரு முகம் வந்துவிட்டது. தலைமுடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு, காதில் கடுக்கன் போட்டுக்கொண்டு புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன். அவன் அதுவரை ஒரு தப்பும் செய்ததில்லை. போர்டு வீட்டிலிருந்து வந்த எனக்கே அந்த முகம்தான் வந்தது. எனக்கு நடந்தது எனக்கு எந்தப் பாதுகாப்பும் தந்துவிடவில்லை.

அதனால் உங்களுக்குச் சொல்வது இதுதான். மனதில் முகம் வராமல் பார்த்துக்கொள்ள முடியும் என்று நான் நம்பவில்லை. வரும். வந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் எந்த முகம் வருகிறதோ, அவரைக் கடைசியாகக் கூப்பிடுவேன். மற்ற எல்லோரிடமும் கேட்டு முடித்துவிட்டு. பெரும்பாலும் அவரைக் கூப்பிட வேண்டிய அவசியமே வருவதில்லை.